அரீனாவில் வாளை ஓங்காதவன்

அன்பு மாப்ள,

நலமா? இங்கே எல்லோரும் நலம். பதில் எழுத இவ்வளவு நாளானதற்கு மஞ்சள்தான் காரணம். வெட்டி, வேகவைத்து, களத்தில் காயப்போட்டு, பாலீஷ் போட்டு, விரலி வேறு கிழங்கு வேறாக மூட்டை பிடித்து ஈரோட்டுக்கு ஏற்றி முடிப்பதற்குள் பங்குனி பிறந்துவிட்டது. விளைச்சல் பரவாயில்லை. வாய்க்காலில் அடுத்த தண்ணீர் விடும்வரை தோட்டத்தில் பெரிய வேலை எதுவும் இல்லை. போன வாரம் சென்னிமலைக்குப் போனபோது உங்க அம்மாவைப் பார்த்தேன். முழங்கால் வலி முன்னைக்கு இப்போது தேவலை என்றார்கள். சாப்பிடாமல் கிளம்பக் கூடாது என்று உட்காரவைத்து அரிசிம்பருப்புச் சாதமும் நெய்யுமாகப் போட்டார்கள். நீ வாரத்தில் ஒரு நாளாவது வீடியோ காலில் வந்தால் அவர்களுக்கு ரொம்பச் சந்தோஷம்.

சரி, உனக்குச் சொல்ல வைத்திருக்கும் பெரிய சேதிக்கு வருகிறேன். நான் மறுபடி ஆப்லிவியன் என்ற கம்ப்யூட்டர் கேமை ஆடிக்கொண்டிருக்கிறேன். பீளமேட்டு ரூமில் ஒரே கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு, இன்றைக்கு நீ, நாளைக்கு நான் என்று ஒரே கேரக்டரை மாற்றி மாற்றி ஆடினோமே, அதே எல்டர் ஸ்க்ரோல்ஸ் 4: ஆப்லிவியன்தான். அதைப் புதுப்பித்துச் செய்த ரீமாஸ்டர் பதிப்பு 2025 ஏப்ரல் 22 அன்று வந்தது. அறிவித்த அன்றைக்கே விற்பனைக்கும் விட்டுவிட்டார்கள். சில நாட்களுக்குள் 40 லட்சம் பேர் ஆடினார்களாம். வந்தபோதே எனக்கு ஆசைதான். ஆனால் அதற்கு 125 ஜிபி இடம் வேண்டும், நல்ல கிராபிக்ஸ் கார்டும் வேண்டும். பழைய கம்ப்யூட்டரை மாற்றிய பிறகுதான் முடிந்தது. ராத்திரி டவுன்லோடுக்குப் போட்டுவிட்டுப் படுத்தேன். விடியும்போது தயாராக இருந்தது.

எப்படி இருக்கிறது என்று கேட்பாய். பழைய ஆட்டத்தைச் செய்த பெதஸ்டாவோடு சேர்ந்து விர்ச்சுவோஸ் என்ற கம்பெனி செய்திருக்கிறது. மேலே படம் வரைவது அன்ரியல் இன்ஜின் 5 என்ற மென்பொருள். உள்ளே கணக்குப் பார்ப்பதும் ஆட்களை நடமாடவிடுவதும் 2006-இன் அதே பழைய இன்ஜின். அதனால் முகங்களும் வெளிச்சமும் புல்லும் புதுசு, ஆனால் காவலர்கள் தெருவில் நின்று ஒன்றுக்கொன்று ஒட்டாமல் பேசும் பேச்சு அப்படியே இருக்கிறது. ஒரு எல்ஃப் பெண் வசனத்தின் நடுவில் நிறுத்தி, அதைத் திரும்பச் சொல்கிறேன் என்று சொல்வாளே, நினைவிருக்கிறதா? குரல் கொடுத்தவர் ஒலிப்பதிவில் தடுமாறியது வெட்டப்படாமல் ஆட்டத்துக்குள்ளேயே போய்விட்டது. புதுசாக நிறைய குரல்களைப் பதிவு செய்தவர்கள், அதை மட்டும் கை வைக்காமல் விட்டிருக்கிறார்கள். அதைக் கேட்டபோதே தெரிந்துவிட்டது, இதைச் செய்தவர்கள் இந்த ஆட்டத்தை நேசிப்பவர்கள் என்று.

மாற்றியது முக்கியமாக இரண்டு. ஓட முடிகிறது. அந்தப் பெரிய காட்டையும் மலையையும் நாம் எவ்வளவு நேரம் மெதுவாகக் கடந்தோம்! இன்னொன்று, லெவல் ஏறும் முறை. முன்பு எந்தத் திறமை எத்தனை தரம் ஏறியது என்று நோட்டில் கோடு போட்டு வைத்தால்தான் பலமோ அறிவோ ஐந்து புள்ளி ஏறும். இப்போது ஒவ்வொரு லெவலுக்கும் 12 புள்ளி கையில் தருகிறார்கள், வேண்டியதில் போட்டுக்கொள்ளலாம். ஒரு திறமையையே ஏற்ற வேண்டுமென்று சுவரைப் பார்த்துத் தாவிக்கொண்டே இருக்க வேண்டியதில்லை. நாம் வளர வளர உலகமும் கூடவே வளர்வது மட்டும் மாறவில்லை. சாலையில் வழிமறித்து 100 பொன் கேட்கும் திருடன் இப்போதும் பல ஆயிரம் பெறும் கண்ணாடிக் கவசம் போட்டுக்கொண்டுதான் நிற்கிறான். அதையும் சரி செய்திருக்கலாம் என்பதுதான் என் எண்ணம்.

அப்புறம் அச்சீவ்மென்ட், அதாவது ஆட்டத்தில் ஒரு கட்டத்தை முடித்தால் திரையில் வரும் மெடல். நமக்கு அது கிடைக்கவே இல்லை, தெரியுமா? 2006-இல் எக்ஸ்பாக்ஸ் 360-இல் ஆடியவர்களுக்கு மட்டும்தான் இருந்தது. நம் கம்ப்யூட்டர் பதிப்பில் கிடையாது. அடுத்த வருடம் வந்த பிளேஸ்டேஷன் 3 பதிப்பிலும் கிடையாது, அதில் ட்ரோஃபி என்ற அதே மாதிரி ஏற்பாடே 2008-இல்தான் வந்தது. இந்த முறை நான் கேம் வாங்கிய ஸ்டீம் கடையில் முழுப் பட்டியலும் இருக்கிறது. பெரும்பகுதி மூலக்கதையும், ஆட்டத்துக்குள் நாம் சேரும் சங்கங்களான கில்ட்களின் படிகளும்தான்: ஃபைட்டர்ஸ் கில்ட், மேஜஸ் கில்ட், தீவ்ஸ் கில்ட், டார்க் பிரதர்ஹுட், அரீனா. ஒவ்வொன்றிலும் கீழ்ப்படியிலிருந்து தலைமை வரைக்கும்.

பட்டியலை முடித்தே தீர்வது என்று உட்கார்ந்திருக்கிறேன். வயது இருபதில் நமக்கு நேரம் கிடந்தது, கால் போன திசையில் போனோம். இப்போது குழந்தைகள் தூங்கியபின் கிடைக்கும் கொஞ்ச நேரத்தில், இன்றைக்கு என்ன செய்வது என்று யோசிப்பதிலேயே பாதி போய்விடும். பட்டியல் இருந்தால் நேராகப் போய்விடலாம். அதைவிடப் பெரிய லாபம், அன்றைக்கு நான் வேண்டாம் என்று ஒதுக்கிய இடங்களுக்கெல்லாம் அது என்னைக் கூட்டிப்போகிறது. திருட்டு வேலை எனக்குப் பிடிக்காது என்று தீவ்ஸ் கில்ட் முழுவதையும் உன்னிடமே விட்டுவிட்டேன் அல்லவா? அதன் முடிவு என்னவென்று இத்தனை வருடம் எனக்குத் தெரியாது. திருடிய பொருளில் 1000 பொன்னுக்கு விற்றால்தான் கடைசி வேலை கிடைக்கும் என்றார்கள், விற்றேன். அரண்மனைக்குள் புகுந்து எல்டர் ஸ்க்ரோலையே தூக்கிவந்தேன். அந்த கில்டின் தலைவன் கிரே ஃபாக்ஸ் முகமூடியைக் கழற்றி, ஆன்வில் கோமகளின் முன்னால் நானே உன் கணவன் என்று நிற்கிறானே! முகமூடி போட்டவனை யாரும் அடையாளம் காண முடியாத சாபம். அத்தனை வருடம் கட்டிய மனைவியே அவனை அறியவில்லை. இதை எனக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் நீ எப்படி வைத்திருந்தாய்? ஆடித் தெரிந்துகொள்ளட்டும் என்று விட்டிருந்தால், அதற்கு நன்றி.

இப்போது அரீனாவுக்கு வருகிறேன். இந்தக் கடிதம் எழுத உட்கார்ந்ததே அதைச் சொல்லத்தான்.

அரீனா என்பது ஆட்டத்துக்குள் கூட்டம் பார்க்க ஆட்கள் வாள்சண்டை போடும் அரங்கம். அதன் சாம்பியன் கிரே பிரின்ஸ், ஆக்ரோனாக் க்ரோ-மாலோக். வெளிறிய சாம்பல் தோல், ஆர்க் என்ற முரட்டு இனத்தில் பாதி. நாம் அன்றைக்கு நேராகச் சண்டை போட்டோம். அடிவாங்கி, மருந்து குடித்து, தூண் மறைவில் ஓடி, கடைசியில் நீ கீபோர்டும் நான் மவுஸுமாகப் பிடித்து ஜெயித்தோம். ஹாஸ்டல் பையன்கள் எல்லாம் கதவுக்கு வெளியே கத்தினார்கள். இந்த முறை சண்டைக்கு முன்னால் அவனிடம் பேசிப் பார்த்தேன். என் அப்பா ஒரு பிரபு என்று அம்மா சொல்லியிருக்கிறாள், அதற்கு ஆதாரம் தேடிக் கொண்டுவா என்று ஒரு சாவி கொடுத்தான். மேற்கே குரோஹேவன் என்ற பாழடைந்த கோட்டை. உள்ளே போனால் அவன் அப்பா இருக்கிறார், ரத்தக் காட்டேரியாக. அங்கே கிடந்த நாட்குறிப்பில் எல்லாம் எழுதியிருந்தது. வேலைக்கு வந்த ஆர்க் பெண்ணை அவர் நேசித்திருக்கிறார். அவர் யாரென்று தெரிந்ததும், வயிற்றில் பிள்ளையோடு இருந்த அவள் அவரை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு ஓடியிருக்கிறாள்.

நாட்குறிப்பைக் கொண்டுவந்து கொடுத்தேன். சொன்ன சொல் மாறாமல் எனக்கு வாள்வித்தையில் நாலு நுணுக்கம் சொல்லிக்கொடுத்தான். அதன்பிறகு உடைந்துபோனான். தன் ரத்தமே கெட்டது, தான் வாழத் தகுதியில்லாதவன் என்று புலம்புகிறான். மறுநாள் அரீனா. அறிவிப்பாளர் முழங்குகிறார், கூட்டம் கத்துகிறது, கம்பிக்கதவு கீழே இறங்குகிறது. எதிரே வந்து நிற்கிறான், ஆனால் வாளை ஓங்கவில்லை. என்னை முடித்துவிடு என்கிறான். நான் சுற்றிச் சுற்றி வந்தேன், அவன் கை எழவே இல்லை. அவன் விழாமல் அந்த மணல் தளத்திலிருந்து வெளியே போக வழியும் கிடையாது. வெட்டினேன். விழுந்தான். திரையின் மூலையில் கிராண்ட் சாம்பியன் என்று அச்சீவ்மென்ட் வந்தது.

மாப்ள, தூண் மறைவில் ஓடி ஓடிச் சண்டை போட்டு ஜெயித்தவனுக்கும் அதே மெடல்தான், அதே சத்தம்தான். எதிர்த்து நிற்காதவனை வெட்டிய எனக்கும் அதுவேதான். பட்டியலுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. ஆனால் ஆட்டத்துக்குத் தெரிந்திருக்கிறது! கேள். அன்று ராத்திரி ஒரு சத்திரத்தில் என் கேரக்டரைத் தூங்கவைத்தேன். கண் விழித்தால் கட்டிலருகே கறுப்பு அங்கியில், கொலைகாரர் கூட்டமான டார்க் பிரதர்ஹுட்டின் ஆள் லூசியன் லஷான்ஸ். நீ ஒரு கொலை செய்திருக்கிறாய், டார்க் பிரதர்ஹுட் உன்னை அழைக்கிறது என்கிறான். நிராயுதபாணியாக நின்றவனைக் கொன்றதை அந்த ஆட்டம் கொலைக் கணக்கிலேயே எழுதிவிட்டது. எல்லோரும் கைதட்டிய அரங்கில் நடந்ததை, இருட்டில் ஒருவன் வந்து அதன் சரியான பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறான். இதை எழுதியவர்கள் எவ்வளவு தூரம் யோசித்திருக்கிறார்கள் என்று அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை. அதிலும் அரீனா அறிவிப்பாளருக்கும் லூசியனுக்கும் ஒரே ஆள்தான் குரல், வெஸ் ஜான்சன். பகலில் என்னைப் புகழ்ந்த அதே குரல் ராத்திரி வந்து கொலைகாரன் என்கிறது. 2025 ஜனவரியில் அவர் மரணத்தின் வாசல்வரை போய், ரசிகர்கள் மருத்துவச் செலவுக்குப் பணம் திரட்டி, மீண்டு வந்தார் என்று படித்தேன். நல்லபடியாக இருக்கட்டும் மனுஷன்.

டார்க் பிரதர்ஹுட்டில் இப்போது பாதி தூரத்தில் நிற்கிறேன். செய்டின்ஹாலில் பாழடைந்த வீட்டுக்கு அடியில் இருக்கும் அந்தக் கூட்டம், கொலைகாரர்களாக இருந்தும் என்னை வீட்டுப் பிள்ளையாக நடத்தினார்கள். அடுத்த உத்தரவு, அவர்கள் அத்தனை பேரையும் முடிக்க வேண்டும். அந்தப் படி தாண்டாமல் அந்தக் கூட்டத்தின் தலைமைப் படியான லிஸனர் அச்சீவ்மென்ட் கிடையாது. செய்துவிடுவேன், பட்டியலை முடிப்பது என்று முடிவெடுத்தாயிற்று. ஆனால் சும்மா கடந்துபோக மனம் வரவில்லை. அதனால் இரண்டு நாளாக அந்த வேலையை அப்படியே நிறுத்திவைத்துவிட்டு நிர்ன்ரூட் என்ற செடியைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

நிர்ன்ரூட்டுக்கு அச்சீவ்மென்ட் எதுவும் இல்லை. ஸ்கின்கிராட் சத்திரத்தின் நிலவறையில் இருக்கும் சிண்டேரியன் முதலில் 10 கேட்பான், அப்புறம் 20, 30, 40 என்று மொத்தம் 100. ஆற்றோரம், குளத்தோரம் மங்கிய பச்சை வெளிச்சத்தோடு, ரீங்காரம் போட்டுக்கொண்டு நிற்கும் செடி. புது ஹெட்போன் போட்டால் சத்தம் எந்தப் பக்கம் என்று துல்லியமாகத் தெரிகிறது. பகலில் அம்மிணி பக்கத்தில் உட்கார்ந்து ஒரு காதுக்கு ஹெட்போனை வாங்கிக்கொள்வாள். "அப்பா, அந்தப் பக்கம் கேக்குதுங்க, பாறைக்குப் பின்னாடி" என்பாள். அவள் சொன்ன இடத்தில் இருக்கும். பறித்ததும் சத்தம் நின்றுவிடும், அந்த இடத்தில் மறுபடி முளைக்காது. எதையும் நட்டால் அடுத்த வருடம் எடுக்கலாம் என்று பழகிய வீட்டுப் பிள்ளை, அதனால் ஒவ்வொன்றையும் பறிக்கும் முன் கொஞ்சம் தயங்குகிறாள்.

உனக்குப் பிடித்த ஓவியனின் கதைக்கும் மெடல் கிடையாது. பூட்டிய அறையில் காணாமல் போன ரைத், அவன் வரைந்த திரைச்சீலையைத் தொட்டால் உள்ளே இழுக்கும் காடு. நேற்று அதற்குள் போனேன். மரமும் புல்லும் தூரிகை இழுப்பாகவே நிற்கின்றன. பெயின்டில் செய்த பூதங்கள் மேலே பாய்கின்றன, வாளில் டர்பன்டைன் தடவினால் உருகி விழுகின்றன. நீ அன்றைக்கு அங்கேயே நின்று, வெளியே வராமல், வானத்தைக் காட்டி இதை யார் வரைந்திருப்பார்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தாய். இப்போது அது இன்னும் அழகாக இருக்கிறது. நீ பார்த்தே ஆக வேண்டும்.

அதனால் நீயும் தொடங்கு. மாதச் சந்தா கட்டி ஆடும் கேம் பாஸில் இருக்கிறது என்றால் தனியாக வாங்கக்கூட வேண்டியதில்லை. கேம் பாஸ் வைத்திருக்கிறாயா என்று பார். தொடங்கினால் கிரே பிரின்ஸிடம் முதலில் பேசுவாயா, நேராகச் சண்டைக்குப் போவாயா என்று முடிவெடுத்து எழுது. இரண்டையும் தெரிந்துகொண்டு நீ எதைத் தேர்ந்தெடுக்கிறாய் என்று அறிய எனக்கு ஆசை. ஷிவரிங் ஐல்ஸ் என்ற கூடுதல் கதையை நான் இன்னும் தொடவில்லை. நீ அந்த இடத்துக்கு வந்து சேரும்வரை காத்திருக்கிறேன், ஒன்றாகப் போவோம். உன் கேரக்டர் எந்த இனம், எந்தப் பிறப்பு ராசி என்பதையும் சொல்.

மெல்போர்னுக்கு அடுத்த மாதம் நம் ஊர்க்காரர் ஒருவர் வருகிறார். இந்த வருட மஞ்சளில் பொடி அரைத்து, சீல் போட்டு இரண்டு பாக்கெட் கொடுத்துவிடுகிறேன். ஏர்போர்ட்டில் கேட்டால் மறைக்காமல் சொல்லச் சொல்லியிருக்கிறேன். வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
சிவா