கடைசிப் பக்கத்துப் பெண்

அன்புள்ள சேது,

ஆனியில் நீ எழுதிய கடிதத்துக்குத் தை பிறந்த பிறகு பதில் எழுதுகிறேன்; கோபித்துக்கொள்ள உனக்கு முழு உரிமை உண்டு. அம்மாவுக்கு முழங்கால் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. இப்போது கோயில்வரை நடந்து போய்வருகிறார்கள். ராஜபாளையத்தார் உன்னை விசாரித்தார். அந்தக் குடை இன்னும் அவரிடம்தான் இருக்கிறது.

எழுத வைத்த விஷயம் வேறு. பொங்கல் விடுமுறைக்கு வந்திருந்த மகள், அசோகமித்திரனின் ‘18வது அட்சக்கோடு’ நாவலை அலமாரியிலிருந்து எடுத்து இரண்டே நாளில் படித்துவிட்டு, இரவுச் சாப்பாட்டின்போது, “அந்தக் கடைசிப் பக்கத்துப் பெண்ணுக்கு அப்புறம் என்ன ஆயிற்று, அப்பா?” என்று கேட்டாள். எனக்குச் சோறு இறங்கவில்லை.

உனக்கு அந்த இடம் தெரியும். காந்தியின் கொலை, நிஜாமுக்கு ஆதரவான ஆயுதப்படையாகத் திரிந்த ரஜாக்கர்கள், 1948 செப்டம்பரில் ஐந்தே நாட்களில் ஹைதராபாத் நிஜாமின் ஆட்சியை முடித்துவைத்த ராணுவ நடவடிக்கை என்று எல்லாமே, செகந்தராபாத்தில் சைக்கிள் மிதித்துக்கொண்டும் கிரிக்கெட் ஆடிக்கொண்டும் திரிகிற ஒரு ரயில்வே ஊழியரின் மகன் சந்திரசேகரனுடைய கண்ணுக்கு எட்டிய அளவில்தான் நமக்குக் கிடைக்கின்றன. கடைசியில், கலவரத்துக்கு நடுவே சந்திரசேகரன் ஒரு முஸ்லிம் குடும்பத்தின் வீட்டுக்குள் புகுந்துவிட, அவன் தங்களை அழிக்க வந்தவன் என்று நடுங்குகிற அவர்களைக் காப்பாற்றுவதற்காக ஒரு சிறு பெண் தன் உடையைக் களைந்து அவன்முன் நிற்கிறாள். அவன் ஓடுகிறான். நாவல் முடிந்துவிடுகிறது.

இருபது வயதில் நாம் அவனுடைய அவமானத்தைப் பற்றித்தான் விடிய விடியப் பேசினோம். அவளைப் பற்றி நீயும் பேசவில்லை, நானும் பேசவில்லை. அதுதான் பத்து நாட்களாக என்னை அரிக்கிறது. அவளை இப்படி நிற்கவைத்துவிட்டுப் போய்விட்டாரே என்று முதலில் ஆசிரியர்மேல் எனக்குக் கோபம் வந்தது. திரும்பப் படித்தபோது, அவளைப் பின்தொடர்ந்திருந்தால் அவளுக்கு ஏதேனும் ஒரு அடைக்கலத்தைக் கொடுத்திருப்பார், நாமும் நிம்மதியாகப் புத்தகத்தை மூடியிருப்போம் என்று தோன்றியது. அந்த நிம்மதியை அவர் நமக்குத் தரவில்லை. 1977இல் வந்த நாவலில் நின்றவள், என் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு முன்னால் இன்னும் நிற்கிறாள்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’யை நீ மொட்டை மாடியில் உரக்கப் படித்த நாட்களில், வெறும் சத்தம் என்று நான் ஒதுக்கினேன். அது தவறு, சேது. போன வாரம் அதையும் மறுபடி படித்தேன். ஜப்பானியர் பிடித்த சுமத்ராவின் மேடான் நகரில் அலைகிற நாயகன் பாண்டியனுக்கு மதுரைத் தெருக்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வரும் பக்கங்களில், பேச்சு நின்றால் ஊரே மறந்துபோகும் என்ற பயத்தை இப்போதுதான் கேட்டேன். அசோகமித்திரன் வாய் மூடுகிற இடத்தில் சிங்காரம் பேசிக்கொண்டே இருக்கிறார். இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே கலக்கம்.

மகள் ஞாயிற்றுக்கிழமை விடுதிக்குத் திரும்புகிறாள். அசோகமித்திரனின் ‘தண்ணீர்’ நாவலையும் பெட்டியில் வைத்துக்கொண்டாள். அதன் நாயகி ஜமுனாவை இந்த அளவு அறிந்தவர் அந்தப் பெண்ணுக்கு ஒரு பெயர்கூட வைக்கவில்லையே என்பது அவளுடைய வருத்தம். அவளுக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. நீ என்ன சொல்லியிருப்பாய் என்று எழுது. உன் சிங்காரம் பிரதியையும் அவளுக்கு அனுப்பிவை. என்னுடையதில் நடுப்பக்கங்கள் கழன்றுவிட்டன.

அன்புடன்,
கணேசன்