விகாரி வருடம் எந்த ஆண்டு?

ஆசிரியருக்கு,

பழைய நூல்களை மின்வருடி இணையத்தில் ஏற்றும் பணியைத் தமிழ் இணையக் கல்விக்கழகமும், 2005 முதல் ஈழத்து ஆவணங்களைத் திரட்டிவரும் நூலகம் நிறுவனமும் செய்துவருவது பாராட்டுக்குரியது. எனினும், ஏற்றிய பக்கங்களின் எண்ணிக்கையைவிடப் பிழையற்ற விவரக்குறிப்பே வாசகரை நூலிடம் கொண்டுசேர்க்கும் என்பது, பல்லாண்டுகள் நூற்பட்டியல் தயாரித்தவன் என்ற முறையில் என் கருத்து. நூலின் முகப்பில், அறுபது ஆண்டுகளுக்கு ஒருமுறை திரும்பிவரும் ‘விகாரி வருடம்’ என்று மட்டும் இருந்தால், அது 1899ஆ, 1959ஆ என்பதை அச்சகத்தின் பெயர், தாள், எழுத்துவடிவம் ஆகியவற்றைக் கொண்டே முடிவுசெய்ய வேண்டியிருக்கிறது. உ.வே.சா., சாமிநாதையர், சுவாமிநாத ஐயர் என்று வெவ்வேறாகப் பதிந்துவைத்தால், ஒரே பதிப்பாசிரியர் தேடலில் மூவராகிவிடுகிறார். பாவம், ஆய்வு மாணவர்! புதிய நூல்களை ஏற்றுவதைச் சிறிது காலம் தள்ளிவைத்தேனும், இருக்கும் பதிவுகளைத் திருத்தப் பயிற்சி பெற்ற நூலகர்களை அமர்த்த வேண்டும்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற நூலகர்,
மதுரை.