பார்ப்பதற்கும் காசு கேளுங்கள்: எங்கள் ஊர் கார் மெக்கானிக்குகளுக்கு ஒரு திறந்த மடல்

திருச்சியில் சொந்தமாக ஷெட் போட்டு கார் வேலை பார்க்கும் அண்ணன்மாருக்கும் தம்பிமாருக்கும்,

வணக்கம். என் கார் 2006 மாடல் சான்ட்ரோ. அப்பா ரிட்டயர்மென்ட் பணத்தில் வாங்கியது. அப்பா இல்லை, கார் இருக்கிறது. 2021-இல் 15 வருஷம் முடிந்து ஆர்சி புதுப்பித்தபோது கட்டணம் 600 ரூபாய். மறு வருஷம் ஏப்ரலில் அதை 5,000 ஆக்கினார்கள். இப்போது 20 வருஷம் தாண்டிய காருக்கு 10,000. பசுமை வரி தனி. பழைய காரை வைத்துக்கொள்ளாதே என்று அரசாங்கம் நாசூக்காகச் சொல்கிறது, புரிகிறது. சரி, அதைக்கூடக் கட்டிவிடலாம். வண்டியை நம்பி விட்டுவிட்டு வர ஒரு மெக்கானிக் கிடைப்பதுதான் பெரும்பாடு. இது திட்டுவதற்காக எழுதும் கடிதம் இல்லை. பாதி வரையாவது படித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

போன வருஷம் ஏப்ரல். மெயின்கார்டு கேட் பக்கம் நெரிசலில் நின்றபோது டெம்பரேச்சர் முள் மளமளவென்று ஏறியது. ஏசியை அணைத்து, ஓரம் கட்டி, அரை மணி நேரம் ஆறவிட்டு வீடு வந்து சேர்ந்தேன். மறுநாள் ஒரு ஷெட்டில் விட்டேன். சாயங்காலமே வண்டி ரெடி. "இனிமே சூடாகாது சார்." என்ன செய்தீர்கள் என்று கேட்டால், "கூலன்ட் லைன் பூரா க்ளீன் பண்ணிட்டோம்." 2,200 ரூபாய். ரசீது கிடையாது.

அடுத்து வந்த வாரங்களில் முள் ஏறவில்லை. ஆனால் லிட்டருக்கு 14 கொடுத்த வண்டி 11-க்கு இறங்கிவிட்டது. ஜூனில், அதே மாதிரி ஒரு நெரிசலில், முள் மறுபடி ஏறியது. இந்த முறை வேறு ஷெட். பானெட்டைத் திறந்த ஒரு நிமிஷத்தில் தீர்ப்பு வந்தது. "ஹெட் கேஸ்கெட் போயிருச்சு சார். ஹெட்டை இறக்கி லேத்ல குடுத்து ஃபேஸிங் பண்ணணும். 18 ஆகும். இப்படியே ஓட்டுனா இன்ஜினே போயிரும்." 18 என்றால் 18,000 ரூபாய். இன்ஜினுக்குள் தண்ணீரும் ஆயிலும் ஒன்றோடொன்று கலக்காமல் அடைத்து வைக்கிற தகடுதான் ஹெட் கேஸ்கெட். யோசித்துச் சொல்கிறேன் என்று நழுவி வந்தேன்.

மூன்றாவதாகப் போனது ஒரு தகரக் கொட்டகை. வாசலில் வேப்பமரம், கூடமாட ஒரு பையன். அவருக்கு அறுபது வயசு இருக்கும். வண்டியைத் தொடுவதற்கு முன்னால் என்னிடம் கேட்டார்: "எப்ப சூடாகுது? ஓடுறப்பவா, நிக்கிறப்பவா?"

அதுவரை யாரும் என்னிடம் எதுவும் கேட்டதில்லை. நிற்கும்போதுதான் என்றேன். மதுரை ரோட்டில் விராலிமலை வரை 80-இல் போயும் முள் அசையவில்லை என்றும் சொன்னேன். "அப்ப கேஸ்கெட்டா இருக்காதே" என்றார். ஓடும்போது ரேடியேட்டருக்குக் காற்று தானாக வந்துவிடும். நிற்கும்போது ஃபேன்தான் இழுத்தாக வேண்டும். ஆயில் மூடியைக் கழற்றி உள்பக்கத்தை விரலால் வழித்துக் காட்டினார். கேஸ்கெட் போய் ஆயிலில் தண்ணீர் கலந்திருந்தால் பால் விட்ட காபி நிறத்தில் இருக்குமாம். என்னுடையது சுத்தக் கறுப்பு. அப்புறம் இன்ஜினை ஓடவிட்டு, ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். இருபது நிமிஷம் ஒன்றுமே செய்யவில்லை. டீ வந்தது, குடித்தோம். முள் பாதியைத் தாண்டியது. ஃபேன் சுற்றவில்லை. எழுந்து போய், ஸ்பேனரின் பின்பக்கத்தால் ஃபேன் மோட்டாரை லேசாக ஒரு தட்டு தட்டினார். சர்ரென்று சுற்ற ஆரம்பித்தது.

"உள்ள கார்பன் பிரஷ் தேஞ்சிருக்கு தம்பி. அவ்வளவுதான்."

மோட்டாருக்குள் கரண்டைக் கடத்துகிற சின்னத் துண்டுதான் அந்த பிரஷ். மோட்டாரை இறக்கி அதை மாற்ற 400 ரூபாய் என்றார். மறுநாள் காலை வண்டியை எடுக்கப் போனேன். ஸ்டார்ட் செய்த இரண்டாவது நிமிஷம் ரேடியேட்டரின் மேல் ஹோஸைக் கையால் பிடித்துப் பார்த்தவர் முகம் சுளித்தார். அதற்குள் வெதுவெதுப்பாக இருந்தது. இருக்கக் கூடாதாம். "இதுல வால்வே இல்லையே. யாரு எடுத்தது?"

முதல் ஷெட்டில் கொடுத்த 2,200 ரூபாய்க்கு அப்போதுதான் அர்த்தம் தெரிந்தது. தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றிப் போட்டுவிட்டு அதைத்தான் "க்ளீன்" என்று சொல்லியிருக்கிறார்கள். இன்ஜின் 80 டிகிரிக்குப் பக்கத்தில் வரும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் பிடித்து வைக்கிற சின்ன உருப்படி அது. அதை எடுத்துவிட்டால் இன்ஜின் சீக்கிரம் சூடேறாது. வண்டி இன்னும் குளிர்ச்சியாகவே இருக்கிறது என்று நினைத்து உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றும். மைலேஜ் போன வழி அதுதான். "நம்ம ஊரு வெயிலுக்கு வால்வு எதுக்கு சார்" என்ற வசனத்தை நான் எத்தனையோ இடத்தில் கேட்டுவிட்டேன். நீங்களும் கேட்டிருப்பீர்கள். உங்களில் சிலர் சொல்லியும் இருப்பீர்கள். வெயில் நமக்குத்தான் அண்ணே, இன்ஜினுக்கு உள்ளே எந்த ஊரிலும் ஒரே சூடுதான் வேண்டும்.

நான் சொல்ல வந்த விஷயம் இதற்கு அடுத்து நடந்தது. புது வால்வுக்கும் பிரஷ்ஷுக்கும் காசைக் கொடுத்துவிட்டு, "நேத்து உக்காந்து பார்த்தீங்களே, அதுக்கு?" என்று கேட்டேன். அவருக்குக் கூச்சமாகிவிட்டது. "பார்த்ததுக்கு என்ன தம்பி காசு?"

எனக்கு 18,000 ரூபாயை மிச்சம் பிடித்துக் கொடுத்தது அந்த இருபது நிமிஷம். அதற்கு நம் ஊரில் விலை கிடையாது. தேவையில்லாமல் கழற்றியவருக்கு 2,200. கழற்றாமலே கண்டுபிடித்தவருக்கு, மோட்டாரை இறக்கி ஏற்றிய கூலியோடு சேர்த்தே 400.

இந்தக் கணக்கை நீங்கள் மட்டும் உண்டாக்கவில்லை, எங்களுக்கும் பங்கு உண்டு. கிளட்ச் செட் 5,000 என்றால் வாயைத் திறக்காமல் கொடுப்பேன். கியர்பாக்ஸை இறக்கி ஏற்றிய லேபர் 2,000 என்றால், "என்னண்ணே, 1,200 வச்சுக்கங்க" என்பேன், அதுவும் பகல் முழுக்கக் காருக்கு அடியில் மல்லாந்து கிடந்தவரிடம். அந்த 800-ஐ நீங்கள் விட்டுவிடுவீர்களா? ஸ்பேர் கடைக் கமிஷனில் எடுத்துக்கொள்வீர்கள். வருமானம் பாகத்தின் விலைக்குள் போய் ஒளிந்துகொண்டால், மாற்ற மாற்றத்தான் காசு. தேய்ந்த பிரஷ் ஹெட் கேஸ்கெட்டாக உருவெடுப்பது அங்கேதான்.

அதனால் வெளிப்படையாக ஒரு போர்டு எழுதி மாட்டுங்கள். "வண்டி பார்க்க 300 ரூபாய். வேலை ஒன்றும் இல்லை என்று சொன்னாலும் 300." நாலு பேர் முணுமுணுத்துக்கொண்டு போவார்கள். போகட்டும். போகிறவர்கள் லேபரில் அடித்துப் பேசுகிற ஆட்களாகத்தான் இருப்பார்கள். காசு வாங்கிவிட்டால் உங்களுக்கும் வாய் தைரியமாக வரும்: "இது எனக்குப் பிடிபடல சார், எலக்ட்ரீஷியன்கிட்ட காட்டுங்க" என்று சொல்லிவிடலாம். அப்படிச் சொல்கிற மெக்கானிக்கைத் தேடித்தான் நான் ஊர் முழுக்க அலைந்தேன்.

கழற்றிய பாகத்தைப் பழைய துணியில் சுற்றி டிக்கியில் போட்டுவிடுங்கள். புதுசு வந்த டப்பாவும் கூட இருக்கட்டும், எம்ஆர்பி அதில்தானே இருக்கிறது. கார் கம்பெனியின் ஒரிஜினலா, வேறு நல்ல கம்பெனி தயாரிப்பா, லோக்கலா, எதைப் போடட்டும் என்று முன்கூட்டியே கேளுங்கள். லோக்கல் பாகம் போடுவது பாவம் ஒன்றுமில்லை. இருபது வருஷ வண்டிக்குச் சில இடத்தில் நானே அதைத்தான் போடச் சொல்வேன். லோக்கலைப் போட்டுவிட்டு ஒரிஜினல் காசு வாங்குவதுதான் வயிற்றெரிச்சல்.

ரசீது கேட்டால் "பில் போட்டா 18 பர்சென்ட் சேரும் சார்" என்கிறீர்கள். வருஷ வரவு 20 லட்சத்துக்குள் இருக்கிற ஷெட்டுக்கு ஜிஎஸ்டி பதிவே கட்டாயம் இல்லை. கைரசீதில் தேதி, ஓடிய கிலோமீட்டர், செய்த வேலை, மூன்று வரி போதும். ரசீது தராததை முறையற்ற வணிகம் என்று 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. ஆனால் நான் சட்டத்துக்காகக் கேட்கவில்லை. "வால்வு எடுக்கப்பட்டது" என்று முதல் ஷெட்டில் ஒரு வரி எழுதிக் கொடுத்திருந்தால், அதற்கு அடுத்த மெக்கானிக்குக்கு அது எவ்வளவு உதவி!

உங்களுக்கு நடந்த அநியாயமும் எனக்குத் தெரியும். 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்குச் சேர்த்து 2,544 கோடி ரூபாய் அபராதம் போட்டது. ஒரிஜினல் ஸ்பேரையும் ஸ்கேன் கருவியையும் ரிப்பேர் புத்தகத்தையும் வெளி மெக்கானிக்குகளுக்குத் தாராளமாகக் கிடைக்க விடவில்லை என்பதுதான் குற்றச்சாட்டு. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போயின. அந்தச் சண்டை உங்களுக்காக மட்டும் இல்லை, என் சான்ட்ரோவுக்காகவும்தான். நீங்கள் கடையைக் கட்டிவிட்டால் இந்த வண்டியை நான் யாரிடம் கொண்டுபோய் நிறுத்துவேன்?

இப்போது கிளட்ச் ரொம்ப மேலே வந்துதான் பிடிக்கிறது. அடுத்த வாரம் காட்ட வர வேண்டும். வேப்பமரத்தடிக்காரர் முழங்கால் வலியால் கடையை வாரத்துக்கு மூன்று நாளாகக் குறைத்துவிட்டார், அதனால் உங்களில் யாரிடமாவதுதான் வருவேன். ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துவிட்டு, "இன்னும் அஞ்சாயிரம் கிலோமீட்டர் தாங்கும், அப்புறமா வாங்க" என்று சொல்லி அனுப்பினாலும் சரி, 300 ரூபாயை எடுத்து டேஷ்போர்டில் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு பழைய சான்ட்ரோக்காரன்,
திருச்சி.