பாடியவருக்கு 2024, எழுதியவர்களுக்கு 1987

கிளீவ்லாந்து ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் நியமனக் குழுவினருக்கு,

வணக்கம். நான் சென்னையில் ஒரு மெல்லிசைக் குழுவில் ட்ரம்ஸ் வாசிப்பவன். சின்ன வயதில் மிருதங்கம் கற்றுக்கொண்டு, அப்புறம் குச்சிக்கு மாறியவன். ராக் இசைக்காரர்களில் யாரை உங்கள் புகழ் மண்டபத்தில் சேர்ப்பது என்று வாக்களிக்கும் ஆயிரத்துச் சொச்சம் பேரில் நான் இல்லை, இனி இருக்கப்போவதும் இல்லை. இருந்தாலும் ஒரு வரிசையைப் பார்த்த பிறகு உங்களுக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை.

1952 ஆகஸ்ட் 13 அன்று லாஸ் ஏஞ்சலஸில் 'ஹவுண்ட் டாக்' பதிவானது. பாடியவர் அலபாமாவில் பிறந்த வில்லி மே தார்ன்டன். வாட்டசாட்டமான உருவமும் அதற்கேற்ற குரலும் அவருக்கு 'பிக் மாமா' என்ற பெயரை வாங்கிக் கொடுத்திருந்தன. எழுதியவர்கள் ஜெர்ரி லீபரும் மைக் ஸ்டோலரும். இருவருக்கும் அப்போது 19 வயது. தார்ன்டன் பாடுவதைக் கேட்டுவிட்டுப் போய்க் கால் மணி நேரத்துக்குள் எழுதிய பாட்டு அது. பதிவின்போது ட்ரம்ஸில் உட்கார்ந்தவர் ஜானி ஓட்டிஸ். 1953இல், கறுப்பர்களின் இசைக்கான ரிதம் அண்ட் ப்ளூஸ் பட்டியலில் ஏழு வாரம் முதலிடத்தில் இருந்தது. தனக்குக் கிடைத்தது 500 டாலர் காசோலை ஒன்றுதான் என்று பிற்காலத்தில் தார்ன்டன் சொன்னார். 1956இல் எல்விஸ் பிரெஸ்லி அதே பாட்டைப் பாடினார். அதற்கப்புறம் நடந்தது ஊருக்கே தெரியும்.

இனி, இந்தப் பாட்டைத் தொட்டவர்கள் உங்கள் மண்டபத்துக்குள் நுழைந்த வரிசை. எல்விஸ் 1986. லீபர், ஸ்டோலர் 1987. ஓட்டிஸ் 1994. தார்ன்டன் 2024. அவர் இறந்தது 1984இல். செத்து நாற்பது வருஷம் கழித்து, அதுவும் பாடகர் என்ற முன்வாசல் வழியாக இல்லாமல், 'இசைத் தாக்கம்' என்ற பக்கத்து வாசல் வழியாக உள்ளே விட்டிருக்கிறீர்கள்.

எல்விஸ் மேல் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. நல்ல பாடகர். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். தார்ன்டன் பாடியது, வீட்டு வாசலில் வாலைக் குழைத்துக்கொண்டு வந்து நிற்கும் தண்டச்சோற்று ஆம்பிளையை விரட்டும் பாட்டு. இடையில் லாஸ் வேகஸ் மேடைக்குழு ஒன்று வரிகளை மாற்றியது; அதைக் கேட்டுத்தான் எல்விஸ் எடுத்துக்கொண்டார். அந்த வடிவத்தில் முயல் பிடிக்கத் தெரியாத நாயைத் திட்டுகிறார்கள். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் எந்தப் பாட்டுக்கு யார் சொந்தக்காரர் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

'முன்னோடித் தாக்கம்' என்று முதலில் பெயர் வைத்து, பிறகு 'இசைத் தாக்கம்' என்று மாற்றிய அந்தப் பிரிவுதான் எனக்குப் புரியவில்லை. 1986இல் அதில் ப்ளூஸ் பாடகர் ராபர்ட் ஜான்சனையும் கண்ட்ரி பாடகர் ஜிம்மி ராட்ஜர்ஸையும் சேர்த்தீர்கள். சரி. ஜான்சன் 1938லேயே போய்விட்டார், ராட்ஜர்ஸ் 1933இல். ராக் அண்ட் ரோல் என்று ஒன்று வரப்போவது அவர்களுக்கே தெரியாது. ஆனால் அதே ஆண்டு ஃபேட்ஸ் டாமினோவைக் கலைஞர் வரிசையில் உட்கார வைத்தீர்கள். அவருடைய 'தி ஃபேட் மேன்' பதிவானது 1949 டிசம்பரில். 2018இல் நீங்கள் தனிப்பாடல்களுக்கென்று ஒரு பட்டியல் தொடங்கியபோது அதில் 1951இன் 'ராக்கெட் 88' இருந்தது. ஆக 1949இல் பதிவு செய்தவர் கலைஞர், 1951இல் வந்த இசைத்தட்டு ராக் அண்ட் ரோல், 1952இல் பாடியவர் மட்டும் தாக்கம். இந்தக் கணக்கை யாராவது எனக்குப் போட்டுக் காட்டினால் நல்லது.

முதல் ஆண்டான 1986இல் நீங்கள் சேர்த்தவர்களில் ஒரு பெண்கூட இல்லை என்பதையும் நினைவூட்டுகிறேன். அரீத்தா ஃபிராங்க்ளின் வர 1987 ஆனது.

எனக்கு இந்த இசை எப்படிப் புரிந்தது என்று சொல்கிறேன். புத்தகம் படித்து அல்ல, தாளத்தை வைத்து. ஆரம்பத்தில் நியூ ஆர்லியன்ஸ் பதிவுகளைக் கேட்கும்போதெல்லாம் ஒரு குழப்பம் இருந்தது. சில பாட்டில் ட்ரம்ஸ் ஒரு பக்கம், பியானோ ஒரு பக்கம் இழுப்பதுபோல இருக்கும். தப்பாக வாசிக்கிறார்களோ என்றுகூட நினைத்தேன். பிறகு தொடையில் தட்டிக்கொண்டே கேட்டபோது பிடிபட்டது. ஒருவர் மூன்றாகப் பிரியும் திஸ்ரத்தில் இருக்கிறார், இன்னொருவர் நான்காகப் பிரியும் சதுஸ்ரத்துக்குப் போய்விட்டார்.

ப்ளூஸும் ஸ்விங்கும் பெரும்பாலும் திஸ்ர நடை. ஒவ்வொரு தட்டும் 'தகிட' என்று மூன்றாகப் பிரிந்து, நடுச் சொல் விழுங்கப்பட்டு, நொண்டி நொண்டி நடப்பதுபோலப் போகும். அதை ஷஃபில் என்பார்கள். லிட்டில் ரிச்சர்டின் வலது கை இதற்குக் கட்டுப்படவில்லை. அவர் பியானோவில் 'தக தக தக தக' என்று சமமாக, இரக்கமே இல்லாமல் இடித்தார். 1955 செப்டம்பரில் நியூ ஆர்லியன்ஸில் 'டூட்டி ஃப்ரூட்டி' பதிவானபோது ட்ரம்ஸில் இருந்தவர் ஏர்ல் பால்மர். ஜாஸ் வாசித்து வளர்ந்த கை. பத்து விரலாலும் ஒருவர் அப்படி இடிக்கும்போது எதிராக வாசிக்க முடியாது, அந்த வலது கையோடு சேர்ந்து போகப் பார்த்ததில்தான் பின்னால் ராக் அண்ட் ரோல் அடி என்று சொன்னார்களே, அது தனக்கு வந்தது என்று பால்மர் விளக்கியிருக்கிறார்.

அதே பால்மர்தான் 'தி ஃபேட் மேன்' பாட்டிலும் வாசித்தவர். ஊர்வலங்களிலும் டிக்ஸிலாந்து என்ற பழைய பாணி ஜாஸிலும் கடைசிச் சுற்றில் மட்டும் வரும் அழுத்தத்தை, அதாவது இரண்டாவது, நான்காவது தட்டில் விழும் அந்த அடியை, பாட்டின் தொடக்கத்திலிருந்தே விடாமல் போட்டார். சுற்றிச் சுற்றிப் பார்த்தால் இன்று உலகம் முழுக்கக் கை தட்டும் இடம் அதுதான். நான் கல்யாண வீட்டு மேடையில் வாசிக்கும் பாதிப் பாட்டுக்கு என் இடது கை விழுவதும் அங்கேதான்.

சக் பெர்ரியிடம் இது இன்னும் அழகாக இருக்கிறது. 1958இன் 'ஜானி பி. குட்' கேளுங்கள். ஃப்ரெட் பிலோவின் ட்ரம்ஸ் ஸ்விங் ஆகிறது, பெர்ரியின் கிட்டார் நேராக ஓடுகிறது. இரண்டும் ஒன்றோடொன்று உரசிக்கொண்டே போகின்றன. எங்கள் ஊர் வாத்தியார் யாராவது இருந்தால் நடுவில் நிறுத்தி, "யாராவது ஒருத்தர் நடையை முடிவு பண்ணுங்கப்பா" என்று சொல்லியிருப்பார். நல்லவேளை, சிகாகோவில் யாரும் சொல்லவில்லை. 1977இல் வாயேஜர் விண்கலங்களில் ஏற்றிய தங்கத் தட்டில் அந்த உரசலும் ஏறி, இப்போது விண்மீன்களுக்கு நடுவில் போய்க்கொண்டிருக்கிறது.

டாமினோ 1986, ரிச்சர்ட் 1986, பெர்ரி 1986. பால்மர் 2000இல்தான். அதுவும் பக்கவாத்தியக்காரர்களுக்கென்று அந்த ஆண்டு நீங்கள் தனிப் பிரிவு தொடங்கிய பிறகு. எங்கள் பக்கத்துச் சங்கதி ஒன்று சொல்கிறேன். கர்நாடகக் கச்சேரி அழைப்பிதழில் பாடகர் பெயருக்குக் கீழே வயலின் யார், மிருதங்கம் யார், கடம் யார் என்று அச்சாகியிருக்கும். மேடையில் தனி ஆவர்த்தனம் என்று அவர்களுக்கென்றே ஒரு நேரம் உண்டு. ஆனால் நாங்கள் தேய்த்துத் தேய்த்துக் கேட்ட சினிமா கேசட்டுகளின் அட்டையில் அனேகமாக எந்த வாத்தியக்காரர் பெயரும் இருக்காது. அதனால் உங்களைக் குறை சொல்ல எனக்குப் பெரிய யோக்கியதை இல்லை. ஆனால் அழைப்பிதழ் எப்படி இருக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும்.

'ராக்கெட் 88' தட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 1951 மார்ச்சில் ஐக் டர்னரின் குழு மிசிசிப்பியிலிருந்து காரில் மெம்ஃபிஸுக்கு, 706 யூனியன் அவென்யூவில் சாம் ஃபிலிப்ஸ் நடத்திய ஸ்டுடியோவுக்குப் போகிறது. வழியில் கிட்டாரின் ஆம்ப், அதாவது ஒலியைப் பெருக்கும் பெட்டி, அடிபடுகிறது. காரிலிருந்து விழுந்தது என்கிறது ஒரு கதை, மழையில் நனைந்தது என்கிறது இன்னொன்று. எப்படியோ ஸ்பீக்கர் கிழிந்துவிட்டது. மாற்று ஆம்ப் இல்லை. ஃபிலிப்ஸ் காகிதத்தைச் சுருட்டி உள்ளே திணித்து, "அப்படியே வாசி" என்கிற மாதிரி விட்டுவிட்டார். கரகரவென்று, சாக்சஃபோன்போல ஒரு சத்தம் வந்தது. பிற்பாடு அந்தக் கரகரப்பை உண்டாக்க எத்தனை பெட்டிகள் விற்கப்பட்டன! தட்டு வெளிவந்தபோது லேபிளில் ஐக் டர்னர் குழுவின் பெயரே இல்லை. பாடிய ஜாக்கி பிரென்ஸ்டனும் 'அவரது டெல்டா கேட்ஸும்' என்று போட்டிருந்தார்கள். ஃபிலிப்ஸ் உங்கள் முதல் ஆண்டுப் பட்டியலிலேயே இருக்கிறார், தகுதியானவர்தான். கிழிந்த ஸ்பீக்கரில் வாசித்த வில்லி கிசார்ட்டின் பெயரை உங்கள் அரங்கில் வழியில் நிற்பவர் ஒருவரிடம் கேட்டுப் பாருங்கள்.

இனி கொஞ்சம் சங்கடமான இடம். உங்கள் அருங்காட்சியகம் கிளீவ்லாந்தில், ஈரி ஏரிக்கரையில் இருப்பதற்குச் சொல்லப்படும் முதல் காரணம் வானொலி அறிவிப்பாளர் ஆலன் ஃப்ரீட். லியோ மின்ட்ஸ் என்ற இசைத்தட்டுக் கடைக்காரர், வெள்ளைக்காரப் பிள்ளைகள் ரிதம் அண்ட் ப்ளூஸ் தட்டுகளைத் தேடி வாங்குவதைக் கவனித்து ஃப்ரீடை இந்தப் பக்கம் இழுத்தார். ஃப்ரீட் வானொலியில் அவற்றைப் போட்டு, 'ராக் அண்ட் ரோல்' என்ற பெயரைப் பரப்பினார். சொல் அவருடையது அல்ல. 1922இலேயே ட்ரிக்ஸி ஸ்மித் பாடிய ஒரு பாட்டின் தலைப்பில் 'ராக்', 'ரோல்' இரண்டும் இருக்கின்றன. 1947இல் ராய் பிரவுன் பாடிய 'குட் ராக்கிங் டுநைட்' பாட்டைத்தான் எல்விஸ் 1954இல் எடுத்துப் பாடினார். ஆனால் 1952 மார்ச் 21 அன்று கிளீவ்லாந்து அரீனாவில் பத்தாயிரம் பேருக்கான இடத்தில் அதைப்போல இரு மடங்கு கூட்டத்தைக் கூட்டி, முதல் பாட்டோடு நிகழ்ச்சி நின்றுபோகும் அளவுக்குத் தள்ளுமுள்ளு நடந்தது அவர் பெயரில்தான். கறுப்பர்களின் பாட்டைக் கறுப்பர்களே பாடிய தட்டில் போட்டார், வெள்ளைப் பாடகர்களின் மறுபதிப்பைத் தள்ளி வைத்தார் என்ற பெருமையும் அவருக்கு உண்டு. வெள்ளைப் பாடகர் பேட் பூனின் சாதுவான 'டூட்டி ஃப்ரூட்டி' விற்பனைப் பட்டியலில் ரிச்சர்டைவிட மேலே போன காலம் அது. அதனால் அந்தப் பெருமையைக் குறைக்க மாட்டேன்.

ஆனால் 1955இல் சக் பெர்ரியின் முதல் தட்டு 'மேபலின்' வந்தபோது எழுதியவர் இடத்தில் மூன்று பெயர்கள் இருந்தன. பெர்ரி, ரஸ் ஃப்ராட்டோ, ஆலன் ஃப்ரீட். 'ஐடா ரெட்' என்ற பழைய நாட்டுப்புற மெட்டைத் தன் கையால் மாற்றிக் கொண்டுவந்தவர் பெர்ரி. மற்ற இருவரும் ஒரு வரிகூட எழுதவில்லை. ஃப்ரீடுக்குக் கிடைத்தது, வானொலியில் அடிக்கடி போட வேண்டும் என்பதற்காகக் கொடுக்கப்பட்ட பங்கு. மூன்றில் ஒரு பங்கு வருமானம் அவரவர் வீட்டுக்குப் போனது. அந்த இரண்டு பெயர்களும் நீங்கியது 1986இல். அதே 1986இல்தான் நீங்கள் பெர்ரியையும் ஃப்ரீடையும் ஒரே இரவில் சேர்த்துக்கொண்டீர்கள். காசு வாங்கித் தட்டுப் போட்ட வழக்கில் ஃப்ரீட் 1962இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு 300 டாலர் அபராதம் கட்டினார், 1965இல் இறந்தார். அவருடைய அஸ்தியை 2002 முதல் 2014 வரை உங்கள் கட்டடத்திலேயே வைத்திருந்தீர்கள். அஸ்திக்கு இடம் கிடைத்த வீட்டில் அந்த மூன்று பெயர் லேபிளுக்கு ஃப்ரீடின் படத்துக்குப் பக்கத்தில் ஒரு சாண் இடம் கேட்பது அதிகமில்லை என்று நினைக்கிறேன். விளக்கம்கூட வேண்டாம். லேபிளையும் 1955, 1986 என்ற இரண்டு ஆண்டுகளையும் வையுங்கள். போதும்.

கடைசியாக சிஸ்டர் ரொசெட்டா தார்ப். ஆர்கன்சாவின் காட்டன் பிளான்ட்டில் 1915இல் பிறந்தவர். 1945இல் அவருடைய 'ஸ்ட்ரேஞ்ச் திங்ஸ் ஹேப்பனிங் எவ்ரி டே' அன்று கறுப்பர்களின் இசைத்தட்டுகளை 'இனத் தட்டுகள்' என்று ஒதுக்கி வைத்திருந்த பட்டியலில் இரண்டாம் இடம்வரை போனது. 1947இல் ஜார்ஜியாவின் மேக்கனில் தன் கச்சேரிக்கு முன்னால் பாடிக்கொண்டிருந்த பதினான்கு வயதுப் பையனை மேடைக்கு ஏற்றிப் பாட வைத்து, கையில் காசும் கொடுத்து அனுப்பினார். அந்தப் பையன்தான் லிட்டில் ரிச்சர்ட். பையன் உங்கள் மண்டபத்துக்குள் 1986இல் வந்துவிட்டான். மேடையில் ஏற்றியவர் 2018இல், 'முன்னோடித் தாக்கம்' என்ற அட்டையோடு. 1973இல் ஃபிலடெல்ஃபியாவில் புதைத்த இடத்தில் பல பத்தாண்டுகள் பெயர்ப் பலகைகூட இல்லை.

1964 மே மாதம் மான்செஸ்டரில், ரயில் வராத ஒரு பழைய ஸ்டேஷனில் தொலைக்காட்சிக்காக அவர் வாசித்த பதிவு இருக்கிறது. பார்வையாளர்கள் எதிர் நடைமேடையில் உட்கார்ந்திருக்கிறார்கள். நடுவில் தண்டவாளம். மழை பெய்து நின்ற ஈரம். குதிரை வண்டியில் வந்து இறங்குகிறார், கோட்டுப் போட்ட ஐம்பதை நெருங்கும் பெண். வெள்ளைக் கிட்டாரை மாட்டிக்கொண்டு, மழைக்குப் பொருத்தமாக வெள்ளப் பிரளயப் பாட்டு ஒன்றை எடுக்கிறார். நடுவில் ஒற்றைக் கம்பியில் ஓடி வந்து, ஒரு சுரத்தை வளைத்துப் பிடித்துவிட்டு, கூட்டத்தைப் பார்த்துச் சிரிக்கிறார். அந்தப் பதிவை நியமனக் கூட்டத்தில் ஒருமுறை போட்டுப் பாருங்கள். பார்த்து முடித்த கையோடு அவர் பெயரையும் தார்ன்டனின் பெயரையும் கலைஞர் பட்டியலுக்கு மாற்றி எழுதுங்கள். விதி இடம் கொடுக்காது என்றால், பிரிவின் பெயரை மாற்ற உங்களுக்கு எந்த விதி இடம் கொடுத்ததோ அதையே பயன்படுத்திக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
சென்னையிலிருந்து ஒரு பக்கவாத்தியக்காரன்