ஆமைக் குஞ்சுகளுக்கு நிழல் வேண்டும்

ஆசிரியருக்கு,

பெசன்ட் நகர், நீலாங்கரைக் கடற்கரைகளில் பங்குனி ஆமை முட்டைகளைப் பொரிப்பகத்துக்கு மாற்றுவோர் ஆறு மணி நேரத்துக்குள் அவற்றைப் புதைத்துவிட வேண்டும். தாமதித்தால் கரு ஓட்டின் உட்புறம் ஒட்டிக்கொள்ளும். பிறகு முட்டையைப் புரட்டினாலே இறந்துவிடும். குழி சுமார் 45 செ.மீ. ஆழம், வாய் குறுகி அடி அகன்று, குடம்போல் இருக்கட்டும். ஈர மணலால்தான் மூட வேண்டும்.

பெரிய கவலை ஏப்ரல் வெயில். கூட்டின் வெப்பம் 32 டிகிரியைத் தொட்டால் ஏறக்குறைய எல்லாமே பெண் குஞ்சுகள். 35-ஐத் தாண்டி நீடித்தால் கருக்கள் சாகும். மார்ச்சிலேயே கீற்றுப் பந்தல் போட்டு, முட்டைகளின் ஆழத்தில் வெப்பமானி வைக்க வனத்துறை ஏற்பாடு செய்ய வேண்டும்.

பொரித்த குஞ்சுகளைப் பார்வையாளர்களுக்காக விடியும்வரை தொட்டியில் வைக்காதீர்கள். நீந்தும் வேகம் அங்கேயே வீணாகிவிடும். விடிந்தால் காக்கைகளும் வந்துவிடும்.

– ஒரு வாசகர், திருவான்மியூர், சென்னை