பெடலுக்கும் பட்டர்ஃபிளைக்கும் இடையில்

அன்புள்ள நண்பா,

நலம், நலமறிய ஆவல். எஞ்சின் மாற்றிய பிறகு என் பழைய கார் எப்படி ஓடுகிறது என்று கேட்டிருந்தாய். உடனே பதில் எழுதாததற்குச் சோம்பல் காரணமல்ல, வெட்கம்தான். 1.2 லிட்டர் எஞ்சினை இறக்கிவிட்டு 1.5 லிட்டர் எஞ்சினை ஏற்றிய வண்டி முன்பைவிட மந்தமாகப் போனால் அதை யாரிடம் போய்ச் சொல்வது? ஐடிலிங்கில் தையல் மெஷின் போலச் சீராக ஓடும்; நியூட்ரலில் முடுக்கினால் சீறும்; ஆனால் மூன்றாவது கியரில் 40 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 80-ஐத் தொட 19 வினாடி பிடித்தது. சமதளமான ஒரே சாலையில் போகும்போதும் திரும்பும்போதும் அளந்து எடுத்த சராசரி அது. 'பிக்கப் இல்லை' என்று வெறுமனே புலம்பிக்கொண்டிருந்தால், எந்தத் திருகைத் திருகினாலும் வண்டி தேறிவிட்டதாகவே மனம் நம்பிவிடும் என்பதால், இந்தக் கணக்கை முதலிலேயே எழுதி வைத்துக்கொண்டேன்.

வேறொரு வண்டியில் ஓடித் தேய்ந்த எஞ்சின் என்பதால் முதல் சந்தேகம் அதன் மேல்தான் விழுந்தது. எஞ்சினைச் சூடேற்றி, நான்கு பிளக்குகளையும் கழற்றி, காற்றையும் பெட்ரோலையும் கலக்கும் கார்புரேட்டரை முழுவதும் திறந்து வைத்து கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் பிஸ்டன் அமுக்கும் அழுத்தம்) பார்த்தேன். 165, 160, 168, 162 psi என்று வந்தது. சிலிண்டருக்குச் சிலிண்டர் பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இல்லாதவரை பிஸ்டன் ரிங்கையும் வால்வையும் குறை சொல்ல முடியாது. அன்று கார்புரேட்டரைப் பெடலால் திறக்காமல் கையால் திறந்தேன் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள். அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

நீ சைலன்சரைத்தான் சந்தேகப்பட்டாய். எஞ்சினுக்குள் காற்று போகும் குழாயான இன்டேக் மேனிஃபோல்டில், எஞ்சின் உறிஞ்சும் வேகத்தை அளக்கும் வேக்கம் கேஜை மாட்டி, நிமிடத்துக்கு 2500 சுற்றில் நிறுத்திப் பிடித்துப் பார்த்தேன். சைலன்சர் அடைத்திருந்தால் முள் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே வர வேண்டும், அப்படி இறங்கவில்லை. ஆனால் ஐடிலிங்கில் அதே முள் வேறொன்றைச் சொன்னது. நல்ல எஞ்சினில் அது 17 முதல் 21 அங்குலத்துக்குள் (பாதரச அளவில்) நிற்க வேண்டும். என்னுடையது 15-இல், அதுவும் சிறிதும் ஆடாமல் நின்றது. வால்வில் கோளாறு என்றால் முள் துடிக்கும். ஆடாமல் தாழ்ந்து நின்றால் எங்கோ காற்று கசிய வேண்டும், அல்லது டைமிங், அதாவது பிளக்கில் பொறி பாயும் நேரம், பின்தங்கியிருக்க வேண்டும். கேஸ்கெட் ஓரங்களில் கசிவு இல்லை. பொறி பாயும்போதெல்லாம் மின்னும் டைமிங் லைட்டைக் கிராங்க் புல்லியின் மேல் பிடித்தாலோ, அதன் குறிக்கோடு இருக்க வேண்டிய 8 டிகிரியில் அழகாக நின்றது. இரண்டு நாள் அந்தக் கோட்டை நம்பி ஏமாந்தேன்.

பழைய எஞ்சின்களின் கிராங்க் புல்லியில் உள்வளையத்துக்கும் வெளிவளையத்துக்கும் இடையில் ஒரு ரப்பர் இருக்கிறதல்லவா, அது வயதாகிப் பிடி விட்டால் குறி போட்ட வெளிவளையம் தனியே நழுவிவிடும். முதல் சிலிண்டரின் பிளக் துளையில் ஒரு தடுப்பு போல்ட்டைத் திருகி, கிராங்கைக் கையால் மெதுவாகச் சுற்றினேன். பிஸ்டன் தடுப்பில் இடித்ததும் புல்லியில் சாக்பீஸால் ஒரு கோடு. எதிர்ப்புறம் சுற்றி மறுபடி இடித்ததும் இன்னொரு கோடு. இரண்டுக்கும் நடுப்புள்ளிதான் உண்மையான உச்சி. புல்லியில் வெட்டியிருந்த குறி அதிலிருந்து 12 டிகிரி தள்ளியிருந்தது. அதாவது பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு 8 டிகிரி முன்னால் பாய வேண்டிய பொறி, உச்சியைத் தாண்டி 4 டிகிரி கழித்துப் பாய்ந்திருக்கிறது. எரிந்து முடியாத கலவை வெளியேறியதால்தான் எக்ஸாஸ்ட் குழாய் அவ்வளவு சூடாக இருந்திருக்கிறது. புல்லியை மாற்றி, பிளக்குகளுக்குப் பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி வைத்ததும் முள் 18-க்கு ஏறியது. 19 வினாடி 15 ஆனது.

இருந்தும் 60-க்கு மேல் வண்டிக்கு மூச்சு முட்டியது. கிளட்ச் வழுக்கவில்லை; வீல் டிரம்களைத் தொட்டுப் பார்த்தேன், எதுவும் சூடில்லை; பெட்ரோல் பம்ப் நன்றாகவே தள்ளியது. கடைசியில் என் மகளை உள்ளே உட்கார வைத்து, எஞ்சினை அணைத்த நிலையில் ஆக்சிலரேட்டரைத் தரையோடு மிதிக்கச் சொல்லிவிட்டு, ஏர் ஃபில்டரைக் கழற்றிக் கார்புரேட்டருக்குள் டார்ச் அடித்தேன். பட்டர்ஃபிளை, அதாவது காற்று வழியைத் திறந்து மூடும் வட்டத் தகடு, முழுதும் திறக்காமல் சாய்வாக நின்றுகொண்டிருந்தது. "இன்னும் மிதி" என்றேன். "இதற்குமேல் தரைதான் இருக்கிறது" என்றாள்.

என் பெடலைத் தரைவரை மிதித்தால் கேபிள் 38 மில்லிமீட்டர் இழுபடும். பட்டர்ஃபிளையைத் திருப்பும் லிவர் பழைய கார்புரேட்டரில் குட்டையானது, அதற்கு அந்த இழுப்பு போதும். புதிய எஞ்சினின் கார்புரேட்டர் லிவரோ 36 மில்லிமீட்டர் நீளம். அதே இழுப்பு அதை 60 டிகிரிதான் திருப்பும். 90-இல் 60 என்றால் மூன்றில் இரண்டு பங்கு திறந்துவிட்டதே என்று தோன்றும். ஆனால் வட்டத் தகடு திரும்பும்போது வழி அந்தக் கணக்கில் திறப்பதில்லை. 60 டிகிரியில் கிடைப்பது பாதிப் பரப்புதான். அதைவிடக் கொடுமை, இது இரட்டை பேரல் கார்புரேட்டர், காற்று போக இரண்டு வழிகள் கொண்டது; முதல் பேரல் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு திறந்த பிறகே இரண்டாவது பேரல் அசையத் தொடங்கும். ஏற்றிய நாளிலிருந்து பெடலை மிதித்து அந்த இரண்டாவது பேரல் ஒருமுறைகூடத் திறந்ததில்லை. கையால் திறந்து கம்ப்ரஷன் பார்த்த அன்றே பெடலை மிதித்துப் பார்த்திருந்தால் ஒரு மாதம் மிச்சமாகியிருக்கும்.

லிவரில் கேபிள் மாட்டும் துளையை அச்சிலிருந்து 25 மில்லிமீட்டர் தூரத்துக்கு மாற்றி, பெடல் தரையைத் தொடும் முன்பே கேபிள் இறுகி அறுந்துவிடாதபடி ஒரு தடுப்பும் வைத்தேன். இப்போது 11 வினாடி. மிதி கொஞ்சம் கனமாகிவிட்டது, அது தவிர்க்க முடியாதது.

ஒரு குறை மிச்சமிருக்கிறது. சட்டென்று மிதித்தால் அரை நொடி திக்கிவிட்டுத்தான் பாய்கிறது. லிவரைக் கையால் தட்டிக் கார்புரேட்டருக்குள் பார்த்தேன். கோடாகப் பீய்ச்ச வேண்டிய பெட்ரோல் இரண்டு சொட்டாக விழுந்தது. சட்டென்று மிதிக்கும்போது கூடுதல் பெட்ரோலைப் பீய்ச்சும் ஆக்சிலரேட்டர் பம்பின் டயாஃப்ரம் (ரப்பர் சவ்வு) காய்ந்து வெடித்திருக்கிறது. புதியது கைக்கு வந்துவிட்டது, ஞாயிற்றுக்கிழமை மாட்டுவேன்.

உன் வேனுக்கும் எஞ்சின் மாற்றப் போவதாக எழுதியிருந்தாயே, பழைய கேபிளைக் கழற்றும் முன் அது எத்தனை மில்லிமீட்டர் இழுக்கிறது என்று அளந்து எனக்கு எழுது. ஏற்றப்போகும் எஞ்சினின் லிவர் நீளத்தையும் சேர்த்து அனுப்பினால், துளை எங்கே போட வேண்டும் என்று கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்