புதிதாக வருகிறவர்களை முதல் நாளே பிரியாணிக்கு அழைத்துப் போகாதீர்கள்

சியோலில் படிக்கும் தமிழ் அண்ணன்களுக்கும் அக்காக்களுக்கும்,

வணக்கம். செப்டம்பர் பருவத்துக்கு அடுத்த கூட்டம் வந்து இறங்கப்போகிறது. வழக்கம்போல நீங்கள்தான் அவர்களை வரவேற்பீர்கள். அந்த அன்பைப் பற்றி ஒரு குறையும் இல்லை. வரவேற்று எங்கே கூட்டிப்போகிறீர்கள் என்பதில்தான் எனக்குச் சண்டை.

மூன்று வருடத்துக்கு முன் நான் வந்த அன்று மாலையே ஒரு இந்திய உணவகத்துக்கு அழைத்துப் போனார்கள். பிரியாணி சுமார்தான், ஆனால் பயணக் களைப்பில் அமிர்தமாக இருந்தது. என் பங்கையும் ஒரு அண்ணனே கொடுத்துவிட்டார். ‘இங்கே நம்ம சாப்பாடு இந்த மாதிரி இடத்தில்தான் கிடைக்கும், மத்ததெல்லாம் உனக்கு ஒத்துக்காது’ என்று சொல்லியும் வைத்தார். நான் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். வாரத்துக்கு மூன்று நாள் அதே மாதிரிக் கடைகள், ஒரு ஆளுக்கு 15,000 வொன்னுக்குக் குறையாது. மூன்றாவது மாதம் வாடகைக்கே பணம் பற்றாமல், இரண்டு வாரம் ராம்யோன் நூடுல்ஸில் ஓட்டினேன். அதன் மசாலாப் பொடியில் மாட்டிறைச்சி இருந்ததை ஆய்வகத்துக் கொரிய நண்பர்தான் உறையைப் படித்துச் சொன்னார். மாடு சாப்பிடக் கூடாது என்று அம்மாவிடம் சத்தியம் செய்துவிட்டு வந்தவன் நான்!

இத்தனைக்கும் என் வளாகத்திலேயே ஹாக்சிக் இருந்தது. மாணவர் உணவகத்தைத்தான் இங்கே அப்படிச் சொல்கிறார்கள். 5,000, 6,000 வொன்னுக்குச் சோறு, ஒரு சூப், இரண்டு மூன்று தொட்டுக்கை. யோசித்துப் பாருங்கள், இது நம் சாப்பாட்டின் அமைப்புதானே? ‘சாப்பிட்டாச்சா?’ என்று நாம் நலம் விசாரிப்பதுபோல ‘பாப் மொகொஸ்ஸோ?’ என்று கேட்கிற ஊர் இது. பாப் என்றால் சோறு. சோற்றை வைத்து நலம் விசாரிக்கிற ஊரில் நாம் சோற்றுக்கு அலைந்தோம் என்றால் தப்பு யாருடையது?

காலை உணவுக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. 1,000 வொன் காலை உணவுத் திட்டம். இளைஞர்கள் காலையில் சாப்பிடாமல் போகிறார்கள், அரிசியும் விற்க மாட்டேன் என்கிறது என்பதற்காக 2017இல் வேளாண் அமைச்சகம் தொடங்கியது. மாணவர் 1,000 வொன் கொடுத்தால் போதும், மிச்சத்தை அரசும் பல்கலைக்கழகமும் போட்டுக்கொள்கின்றன. எல்லாப் பல்கலைக்கழகத்திலும் கிடையாது. இருக்கிற இடத்திலும் தட்டுகளுக்குக் கணக்கு உண்டு, பிந்தி எழுந்தால் போச்சு. இதை எனக்கு யாருமே சொல்லவில்லை. இரண்டாம் வருடத்தில், வரிசை எதற்கு என்று பார்க்கப் போய்த் தெரிந்துகொண்டேன்.

சரி, சைவக்காரர்கள் என்ன செய்வது? சிரமம்தான், மறைக்க வேண்டாம். ஆனால் ‘சைவம் கிடைக்காது’ என்று பயமுறுத்துவதைவிட நாலு வார்த்தை சொல்லிக்கொடுக்கலாம். ‘ப்பே ஜுசெயோ’ என்றால் ‘எடுத்துவிட்டுக் கொடுங்கள்’. இதில் நான் ஒரு பாடம் படித்தேன். ‘கோகி ப்பே ஜுசெயோ’, அதாவது இறைச்சி வேண்டாம் என்று சொல்லி, கடற்பாசித் தாளில் சோற்றைச் சுருட்டிய கிம்பாப் வாங்கினேன். உள்ளே ஹாம். கடைக்கார அக்காவிடம் கேட்டால், ‘அது ஹாம்தானே, இறைச்சி இல்லையே’ என்று வெகுளியாகப் பார்த்தார். மீன் கேக்கும் அப்படித்தான். அதனால் ஹாம், ஓமுக் (மீன் கேக்), சம்ச்சி (சூரை மீன்) என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லித்தான் எடுக்கச் சொல்ல வேண்டும். சூப்பில் துண்டு எதுவும் மிதக்காவிட்டாலும் அடியில் நெத்திலிச் சாறு இருக்கலாம், கிம்ச்சியில் பெரும்பாலும் உப்பிட்ட இறாலோ மீன் சாறோ இருக்கும். இதைத் தெரிந்துகொண்ட பிறகு சாப்பிடுவதா வேண்டாமா என்பது அவரவர் முடிவு. தெரியாமல் சாப்பிட்டுவிட்டு ஆறு மாதம் கழித்து வருந்துவதுதான் கொடுமை. ‘அம்மா, அப்பா என்று கொரியர்களும் சொல்கிறார்கள் பாருங்கள்!’ என்பதைப் புதியவர்களிடம் முதல் நாளே சொல்லி மகிழ்கிறோம். அதை வைத்துக் கடையில் ஒரு கிம்பாப்பும் வாங்க முடியாது.

அப்புறம், சமையல். விடுதி அறையில் பெரும்பாலும் அனுமதி இல்லை. பொது அடுப்பறை இருக்கிற விடுதியா என்பதை வருவதற்கு முன்பே கேட்கச் சொல்லுங்கள். கோஷிவொன் என்கிற சின்னஞ்சிறு வாடகை அறைகளில் பல இடங்களில் சோறும் கிம்ச்சியும் இலவசமாக வைத்திருப்பார்கள். அறை சவப்பெட்டி அளவு என்றாலும் சோறு மிச்சம்.

அடுப்பு கிடைத்துவிட்டால் ஜெகிதோங் நிலையத்தில் இறங்கி கியோங்டோங் சந்தைக்குப் போவதுதான் புத்திசாலித்தனம். மூலிகைச் சந்தை என்று பெயரெடுத்த இடம், ஆனால் எனக்கு அது காய்கறிச் சந்தை. பாட்டிமார்கள் இழுவைப் பையோடு வந்து, முழங்கையால் நம்மை ஒதுக்கிவிட்டு முள்ளங்கி பொறுக்குவார்கள். முள்ளங்கி நம் முழங்கை நீளம் இருக்கும், ஒன்று வாங்கினால் ஒரு வாரத்துச் சாம்பார். சோங்யாங் மிளகாய் காரத்தில் நம்மூர்ப் பச்சை மிளகாய்க்குச் சளைத்ததல்ல. நொக்து என்று கேட்டால் பச்சைப்பயறு கொடுப்பார்கள். முளைகட்டிய சோயா, டோஃபு, முட்டை மூன்றும் மலிவு, புரதத்துக்கு அது போதும். ஆப்பிளைப் பார்த்து மட்டும் ஆசைப்படாதீர்கள். 2024இல் அதன் விலை செய்தித் தலைப்பாகவே ஆனது. வாழைப்பழம் போதும். துவரம்பருப்பு, பெருங்காயத்துக்கு இதேவோன் மசூதித் தெருக் கடைகள் இருக்கின்றன, மாதம் ஒரு தடவை போனால் போதும். ஆகவே இரண்டு பெட்டி நிறைய ஊறுகாயும் பொடியும் கட்டிக்கொண்டு வரச் சொல்லாதீர்கள். குளிர்காலத் துணிக்கு இடம் விடட்டும்.

இந்திய உணவகத்துக்குப் போகவே கூடாது என்று நான் சொல்லவில்லை. தீபாவளிக்குப் போகலாம், ஆய்வேட்டை ஒப்படைத்த அன்று போகலாம். முதல் நாள் வேண்டாம், அவ்வளவுதான். முதல் நாள் ஹாக்சிக்கில் வரிசையில் நிற்க வையுங்கள். முதல் சனிக்கிழமை சந்தைக்குக் கூட்டி வாருங்கள். காலை 10 மணிக்கு நானும் ஜெகிதோங்கில் நிற்கிறேன். என்னிடம் இழுவைப் பை இரண்டு இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் பிரியாணியைத் தின்றுவிட்டு உங்களையே குறை சொல்லும் தம்பி